பீதர் பள்ளிவாசல் வாசலில்

அம்மா,

பாப்பாவின் ஷூவை இன்று மறுபடியும் சோப்புப் போட்டுத் தேய்த்தேன். பீதர் ஊர்ச் செம்மண் அதன் அடியை விட்டுப் போகமாட்டேன் என்கிறது. தண்ணீர் சிவந்து ஓடுவதைப் பார்த்ததும் உன்னிடம் இதைச் சொல்லிவிடத் தோன்றியது. வீட்டில் எல்லாரும் தூங்கிவிட்டார்கள்.

நீ போகும்போது பாப்பா என் வயிற்றில் ஆறு மாதம். அவள் முகத்தை நீ பார்க்கவேயில்லை. ஆனால் தவழ ஆரம்பித்ததிலிருந்து, என் தோளுக்குப் பின்னால் யாரையோ பார்த்துச் சிரிப்பாள். திரும்பினால் ஒதியம்பட்டு வீட்டின் வெறும் சுவர். எனக்குப் பயமாக இல்லை. அம்மாதான் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். பிறகு அவள் சாப்பாட்டைத் தள்ள ஆரம்பித்தாள். தூக்கத்தில் வீறிட்டு எழுந்தாள். பல் முளைக்கிறது என்றார் டாக்டர். என் மாமியார் அப்படி நினைக்கவில்லை.

"உங்க அம்மாதான்டி. பேத்தியப் பாக்காத போன ஆச. பச்ச புள்ள இன்னாத்த தாங்கும்? பள்ளிவாசலுக்குத் தூக்கினு போய் ஊதிக்கினு வா. வுட்டுப் போயிடும்."

"பி.எஸ்சி. படிச்சிட்டு இதெல்லாம் செய்வாங்களா அத்தை?" என்று சொல்லிவிட்டேன். பொய். சின்ன வயதில் நான் எதற்காவது மிரண்டுபோனால், திருபுவனை கம்பெனியில் ஷிப்ட் முடித்த கையோடு, யூனிபார்மைக்கூட மாற்றாமல், என்னை இடுப்பில் வைத்துக்கொண்டு வில்லியனூர் பள்ளிவாசல் வாசலில் நிற்பவள் நீ. தொழுகை முடிந்து வருகிறவர்கள் ஓதி, என் முகத்திலும் நீ கொண்டுபோன பாட்டில் தண்ணீரிலும் ஊதுவார்கள். "கண்ண மூடாதடி, காத்து நல்லா படட்டும்" என்பாய். மறுநாள் பயம் இருந்த இடம் தெரியாது. அதனால்தான் பாப்பாவைக் கொண்டுபோகவில்லை. ஊதினால் நீ போய்விடுவாய்.

போன மாதம் இவருக்குக் கம்பெனி வேலை கர்நாடகத்து பீதரில். எங்களையும் கூட்டிப்போனார்.

"பேரே வாயில நொழையல. அங்க இன்னா கீது?" என்றார் அத்தை.

"சமாதிங்கம்மா. சுல்தானுங்க சமாதி" என்றார் இவர்.

"புள்ள இருக்கற நெலமைக்கு அது ஒண்ணுதான் கொறச்ச."

மேட்டுநிலத்தில், காற்று ஓயாத ஊர் அது. முதல் நாளே கோட்டையைப் பார்த்தோம். சிவந்த கல் வாசல்கள், நீல ஓடு உதிர்ந்த சுவர்கள், உள்ளே ஒரு பழைய மசூதி. பிறகு ஊருக்கு வெளியே, வயல்களுக்கு நடுவில் வரிசையாக நிற்கும் சமாதிகள். ஒன்றில் இடி விழுந்து குவிமாடம் பாதி சரிந்திருக்கிறது. மீதிப் பாதி, உடைத்த தேங்காய் மூடி மாதிரி வானத்துக்குத் திறந்து கிடக்கிறது. பாப்பா அந்த வெற்றிடத்தைப் பார்த்துச் சிரித்து, கையை ஆட்டி டாட்டா காட்டினாள். கடலூர் பஸ்ஸுக்கே வாந்தி எடுக்கிறவள் நீ. "இவ்ளோ தூரம் வந்துட்டியாம்மா?" என்றேன்.

மறுநாள் பாப்பாவுக்கு உடம்பு கொதித்தது. மருந்து கொடுத்தும் சூடு இறங்கவில்லை. பார்வை என் தோளைத் தாண்டியே நின்றது. இவர் வேலைக்குப் போயிருந்தார். சாயங்காலம் ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு ஆட்டோ பிடித்தேன். எனக்குத் தெரிந்த மசூதி அந்தக் கோட்டை மசூதி ஒன்றுதான். பாட்டிலும் பிள்ளையுமாக அதன் வாசலில் நின்றேன். உள்ளேயிருந்து புறாக்கள்தான் வந்தன. காவலாளி வந்து விசாரித்தார். என் அரைகுறை இந்தியில் சொன்னதும் சிரித்துவிட்டார். இங்கே தொழுகை நின்று எவ்வளவோ காலமாகிறதாம். இது சும்மா பார்க்கத்தானாம்.

எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த நிம்மதிதான் என்னை நடுங்கவைத்தது. பிள்ளை மார்பில் அனலாகக் கிடக்கிறாள், நானோ உன்னைக் காப்பாற்றிக்கொண்டு நிற்கிறேன்.

அவர் வழிசொன்ன ஊர்ப் பள்ளிவாசலுக்கு ஓடினேன். அங்கே வாசலில் பெண்கள், புர்காவிலும் புடவையிலும், கையில் குழந்தையும் பாட்டிலுமாக. வில்லியனூரேதான். ஒருத்தி நகர்ந்து இடம் விட்டாள். வெளியே வந்த ஒரு பெரியவர் பாப்பாவின் முகத்தருகே குனிந்தார். அவள் கண்ணை இறுக்கிக்கொண்டாள்.

"கண்ண மூடாதடி, காத்து நல்லா படட்டும்."

சொன்னது நான்தான். குரல் உன்னுடையது.

காய்ச்சல் இறங்கிவிட்டது. மருந்தாகவும் இருக்கலாம். இப்போது இட்லி கேட்டு வாங்கித் தின்கிறாள், நன்றாகத் தூங்குகிறாள். என் தோளுக்குப் பின்னால் பார்ப்பதேயில்லை. சில நேரம் நானே சுவரைக் காட்டி "யாருடி அங்க?" என்று கேட்டுப் பார்க்கிறேன். என் விரலைத்தான் பார்க்கிறாள்.

இவரிடமும் அத்தையிடமும் சொல்லாத ஒன்று இருக்கிறது. பாப்பாவுக்கு ஊதி முடித்த பெரியவர், என் முகத்தில் என்ன கண்டாரோ, எனக்கும் ஊத நிமிர்ந்தார். நான் துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டு பின்னால் நகர்ந்துவிட்டேன்.

பாப்பாவை விட்டுவிடு, அம்மா. என்மேல் அந்தக் காற்று படவில்லை.