துணிப்பூவுக்கு ஊற்றிய தண்ணீர்

என் தங்கையைக் கட்டிக்கொண்டு என்னையும் சேர்த்து மேய்த்த மாப்ளே,

உன் அடினியம் மொட்டு விட்டிருக்கிறது! ஒன்றல்ல, நாலு! இதைச் சொல்ல உன்னை விட்டால் எனக்கு யார்? போனை எடுத்து உன் பேரைத் தேடிவிட்டு, அப்புறம்தான் இந்தத் தாளை எடுத்தேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆடியில் நீ போய்ச் சேர்ந்ததிலிருந்து கோமதி பால்கனிப் பக்கம் காலே வைக்கவில்லை. அசோக் நகர் வீட்டின் அந்த ஆறடி பால்கனிதானே உன் தோட்டம். கோடம்பாக்கத்தில் செட்டுக்குப் பெயின்ட் அடித்துவிட்டு வரும்போதெல்லாம் ஒரு காலி டின்னைத் தூக்கி வருவாய். அடியில் ஆணியால் ஓட்டை போட்டு, குட்டை இட்லிப்பூ, நித்தியகல்யாணி என்று குள்ளச் செடியாகப் பார்த்துப் பார்த்து வைப்பாய். "உசரமா வளர்றதுக்குத்தான் மரம் கீதே மச்சான். நம்ம எடத்துக்கு முழங்கால் உசரம் போதும்" என்பாய்.

அந்தப் பதினோரு டின்னையும் கண்ணால் பார்க்க முடியவில்லை என்றாள் கோமதி. "பழைய இரும்புக்காரருகிட்ட போட்டுடுண்ணா." நான் கெஞ்சிக் கூத்தாடிச் சித்திரை வரைக்கும் தவணை வாங்கினேன். தினமும் காலையில் தி.நகரிலிருந்து வந்து தண்ணீர் ஊற்றினேன். வேறென்ன தெரியும் எனக்கு? சினிமாவுக்குத் துணியிலும் கம்பியிலும் பூச்செடி கட்டிக் கொடுக்கிறவன் நான். நிஜச் செடியோடு எனக்கு அவ்வளவு பழக்கமில்லை.

அடினியம் மார்கழியில் இலையெல்லாம் கொட்டி மொட்டையாக நின்றது. செத்துவிட்டது என்று நினைத்து, வெயிலடிக்கிற மூலைக்குத் தள்ளிவிட்டேன். ஒரு சொட்டுத் தண்ணீர் காட்டவில்லை. ஆனால் நடு டின்னில் அந்தச் சிவப்பு இட்லிப்பூ இருந்ததே! மழையிலும் வெயிலிலும் ஓர் இதழ் உதிரவில்லை. ராசியான செடி என்று அதற்கு மட்டும் ரெண்டு சொம்பு. டீத்தூள், முட்டை ஓடு எல்லாம் வேறு போட்டேன்.

போன ஞாயிற்றுக்கிழமை, கொஞ்சம் வெட்டிவிட்டால் இன்னும் தழைக்குமே என்று கத்திரிக்கோலை வைத்தேன். 'டக்'. உள்ளே கம்பி. பச்சை டேப் சுற்றி, இடது கைக்காரன் முறுக்கின கம்பி. என் கம்பி! எந்தப் படத்துக்கோ நான் கட்டிக் கொடுத்ததை நீ தூக்கி வந்து மண்ணில் நட்டு வைத்திருக்கிறாய். யாரை ஏமாற்ற மாப்ளே, என்னையா? எப்போது சொல்வதாக இருந்தாய்?

நான் போட்ட கூச்சலில் கோமதி பால்கனிக்கே ஓடி வந்துவிட்டாள்.

"இன்னாண்ணா, பாம்பா?"

கம்பியைக் காட்டினேன்.

"நீ கட்ன பூவு உனக்கே தெர்லியா? முட்டை ஓடு வேற போட்டுக்கினு இருந்தியே!"

சிரித்தாள் மாப்ளே. சுவரைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். எட்டு மாதம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்டேன்.

சிரித்து முடித்துத் திரும்பியவள்தான் மூலையைப் பார்த்தாள். மொட்டைக் கிளை நுனியில் ரோஸ் மொட்டுகள்.

"இத்தக் காயப்போட்டாத்தான் பூக்கும்னு அவரு சொல்வாரே. நீ தண்ணி ஊத்தலியா?"

"செத்துப் போச்சுன்னு வுட்டுட்டேம்மா."

"நல்லவேள" என்றாள்.

இரும்புக்காரரை வர வேண்டாம் என்று அவளே சொல்லிவிட்டாள். பால்கனியில் ஒரு நாற்காலி வந்திருக்கிறது. காலை டீ இப்போது அங்கேதான். இன்றைக்கு முதல் பூ விரிந்ததும் எனக்கு போன் போட்டுக் கத்தினாள், பார்!

அடினியம் பக்கம் சொம்போடு போக மாட்டேன், இது சத்தியம். மற்றச் செடிகளையும் அவளே பார்த்துக்கொள்கிறாளாம். ஆனால் துணிப்பூவுக்குத் தினமும் ரெண்டு சொம்பு ஊற்றுவதை மட்டும் நான் நிறுத்தப்போவதில்லை. ஊற்றும்போதெல்லாம் அவள் சிரிக்கிறாள்.

நீ ஏமாற்றியும் கோபம் வராத
உன் மச்சான்
தேவராஜ்