நானாவின் பங்கு அரிசி

நானா,

பெருநாளுக்குத் தலைக்கு இவ்வளவென்று கொடுக்கிற பித்ரா அரிசியை அளப்பதற்காக இன்று பின்னேரம் புது மூடையை அவிழ்த்தேன். அந்தச் சாக்கு மணம் மூக்கில் ஏறியதும் கை ஓடவில்லை. எழும்பி முற்றத்துக்குப் போனேன், வந்தேன், திரும்பவும் போனேன். இன்றோடு நோன்பு இருபத்தொன்பது. பிறை தெரிந்தால் விடியப் பெருநாள். பெருநாள் தொழுகைக்கு முன் இந்த அரிசி, இல்லாதவர்களின் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். நானோ குட்டி போட்ட பூனை மாதிரி நடந்துகொண்டிருந்தேன்.

போன வருஷம் வரை அளப்பது நீங்கள்தான். வீட்டில் எத்தனை பேரோ அத்தனை குவியல். ஒவ்வொன்றுக்கும் இரண்டு கையும் சேர்த்து நாலு தரம் அள்ளுவீர்கள். தையல்காரனின் கையா அது, சுளகு மாதிரி! "நோன்பில விட்ட பிழையெல்லாம் இதில கழுவுப்படும், நல்லா அள்ளி வைக்க வேணும், தங்கச்சி" என்பீர்கள்.

யாழ்ப்பாணத்தை விட்டு இடம்பெயர்ந்திருந்த புத்தளத்து முகாமில் நாங்களே பித்ரா வாங்கிய வருஷத்தில்கூட விட்டீர்களா? வாங்கிய அரிசியிலேயே எங்கள் தலைக்கு அளந்து பக்கத்துக் கொட்டிலுக்குக் கொடுத்தீர்கள். அந்த மனிசன் தன் வீட்டுத் தலைக்கு அதையே அளந்து எங்களிடம் கொண்டுவந்தார். நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். உங்களுக்குப் பொல்லாத கோபம். "சிரியாதை. வாங்கின கையும் குடுக்க வேணும். அப்பத்தான் எல்லாருக்கும் பெருநாள்."

யாழ்ப்பாணம் திரும்பி, சோனகதெருவில் கூரையில்லாமல் கிடந்த வீட்டைத் திருத்தி, முன்னறையில் தையல் மெசினைப் போட்டீர்கள். போன வருஷம் இதே இருபத்தொன்பதாம் நோன்பன்றும் அதில்தான் இருந்தீர்கள். காலையில் மூன்று குவியல் அளந்து வைத்தீர்கள்: உங்களுக்கு, உங்கள் மகள் ரிஸ்னாவுக்கு, எனக்கு. பின்னேரம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பெருநாள் சட்டையைத் தைத்துக்கொண்டிருந்தீர்கள். ரிஸ்னா அந்த வீட்டுக்குக் கஞ்சி கொடுக்கப் போயிருந்தாள். நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. வாசலில் நின்று கூப்பிட்டேன். முகமெல்லாம் வேர்த்திருந்தது உங்களுக்கு. அதை நான் கண்டேன் நானா, கண்டும் நின்று கேட்கவில்லை.

"நீ நோன்பு திற. இந்த ஓரம் மட்டுந்தான், வாறன்."

பேரீச்சம்பழம் ஒன்றை மெசின் பலகையில் வைத்துவிட்டுக் குசினிக்குப் போனேன். கஞ்சி குடித்தேன், தொழுதேன். திரும்பி வந்தபோது உங்கள் தலை சட்டைத் துணியின்மேல் சாய்ந்திருந்தது. பழம் வைத்தபடியே இருந்தது.

அன்றும் பிறை தெரிந்தது. மௌலவி வந்து கேட்டார்: "உயிர் போனது மக்ரிபு பாங்குக்கு முந்தியோ, பிந்தியோ? பிந்தியெண்டால் அவருக்கும் பித்ரா குடுக்க வேணும். முந்தியெண்டால் தேவையில்லை." ரிஸ்னா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமி, வாப்பா நோன்போடயே போயிட்டாரோ?"

"ஓம். பாங்குக்கு முந்தி" என்றேன்.

நோன்போடு போனவர், கொடுத்து வைத்தவர் என்று தெருவே உங்களைச் சொன்னது. நான் உங்கள் குவியலை மூடைக்குள் திருப்பிக் கொட்டினேன். அந்தப் பிள்ளையின் ஆறுதலுக்காகச் சொன்னேன் என்று இத்தனை நாளும் என்னையே ஏய்த்துக்கொண்டிருந்தேன். அப்படியில்லை. பிந்தி என்று சொன்னால், நீ எங்கே இருந்தாய் என்று அடுத்த கேள்வி வருமே! பயந்தாங்கொள்ளி நான். அந்தப் பயத்தில் உங்கள் கடமையைத் தின்றுவிட்டேன்.

தவறிய பித்ராவை வருஷம் கடந்தாலும் கொடுத்தே ஆகவேண்டும் என்று நேற்று மௌலவி பள்ளியில் சொன்னாராம். ரிஸ்னாதான் வந்து சொன்னாள். அதற்குப் பிறகு எனக்கு நித்திரையில்லை. இன்று மூன்று குவியல் அளந்தேன்.

"மாமி, நாங்கள் ரெண்டு பேர்தானே? இது ஆருக்கு?"

"உன்ரை வாப்பாக்கு. போன வருஷத்தது."

அவள் அரிசியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். உங்கள் மகள் அல்லவா, விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

"அப்ப, பாங்கு சொல்லேக்க வாப்பா உயிரோடயோ?"

"ஓம். கதைச்சவர்."

"என்ன கதைச்சவர்?"

சொன்னேன். அவள் வாய்க்குள் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். தகப்பனின் கடைசிப் பேச்சை ஒரு வருஷமாக மகளிடமிருந்து ஒளித்து வைத்திருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"பிறகு?"

"பிறகு நான் கஞ்சி குடிக்கப் போனன்."

அவள் உங்கள் அரிசியை மட்டும் துணியில் கட்டி இடுப்பில் வைத்துக்கொண்டு, செருப்பும் போடாமல் படலையைத் திறந்து போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் நெஞ்சுப் பாரம் இறங்கும் என்பார்கள். எனக்கு இறங்கவில்லை, நானா. பாங்குக்கு நேரமாகிறது. இரண்டு கோப்பையிலும் கஞ்சி ஊற்றி வைத்துவிட்டுப் படலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவள் வந்து பக்கத்தில் இருக்காமல் இன்று நான் நோன்பு திறக்கமாட்டேன்.