ஆயுத பூஜைக்குக் கழற்றிய மூடி

வேதா,

நீ அம்மா வீட்டுச் சாப்பாட்டில் ஒரு சுற்றுப் பெருத்திருப்பாய். இங்கே என் சமையலில் நான் இளைத்து, வேட்டி இரண்டு சுற்று அதிகமாக வருகிறது. எதிர்வீட்டு சௌரிராஜன் ரேடியோ வாங்கிவிட்டார். வடக்குச் சித்திரை வீதி முழுக்கக் கேட்கிறது. காது மந்தமான அவருக்குத்தான் கேட்பதில்லை.

அரியமங்கலம் பட்டறையில் ஆயுத பூஜை அமர்க்களம். பிரஸ் மெஷினுக்குச் சந்தனம் பூச, கை உள்ளே போகாமல் தடுக்கும் மூடியைக் கழற்றினோம். மறுநாள் அது இல்லாமலே வேலை வேகமாக ஓடியது. "அப்படியே இருக்கட்டும்" என்று உத்தரவு போட்ட மேதாவி அடியேன்தான்.

வெள்ளிக்கிழமை அந்த மெஷினில் வேலை செய்த வீரமலைக்கு வலது கையில் நான்கு விரல்கள் போய்விட்டன. அன்று மத்தியானம் நான் தயிர்சாதத்தை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

"அவன் கவனக்குறைவுன்னு எழுதிடுங்க" என்றார் முதலாளி. அப்படி எழுதினால் அவனுக்கு நஷ்டஈடு கிடையாது. எழுதினேன். இங்கிலீஷில் ஒரு பிழை இல்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்த் தமிழில் படித்துக் காட்டினேன்.

"மேனேஜர் சார் எழுதினா சரியாத்தாங்க இருக்கும்" என்று இடது கட்டைவிரலை நீட்டினான்.

"மூடி இருந்தா கை போயிருக்காதாமே, நெசமாங்க?" என்றாள் அவன் மனைவி அமிர்தம்.

ரேகை வாங்காமல் வந்துவிட்டேன்.

நாளை ஃபாக்டரி இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருகிறார். மூடியைப் போட வேண்டாம் என்றது நான்தான் என்று இன்னொரு காகிதமும் எழுதி வைத்திருக்கிறேன். இரண்டிலும் கையெழுத்து இல்லை. இரண்டாவதில் போட்டால் என் வேலை போகும்.

புதன்கிழமை பகலில் நீ வந்து இறங்கும்போது நான் வீட்டில் இருந்தால், காபி போடு, காரணம் கேட்காதே. வீடு பூட்டியிருந்தால், வழக்கம்போல் பட்டறையில் இருப்பேன்; அப்போதும் கேட்காதே.

உன்
ஆத்துக்காரன்