ஆறு பிரதிகளும் பச்சைக் கேள்விக்குறியும்

குழந்தையின் ஞானஸ்நானத்துக்கு எடுத்து வைத்த வெள்ளை உடுப்பைத் தேடி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். அடியில் ஒரு காகிதக் கட்டு. ரப்பர் பேண்டு இற்றுப்போய் ஒட்டிக்கொண்டிருந்தது. மேல் தாளில் உன் பச்சை மை. உடுப்பை மறந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடையாறு ஹாஸ்டலில் நமக்குக் கடைசி வருடம். நான் புது மொழிபெயர்ப்பு பைபிள் ஒன்று வாங்கியிருந்தேன். ஒரு பக்கத்தின் அடியில், மேலே உள்ள பகுதி சில பழைய பிரதிகளில் இல்லை என்று பொடி எழுத்தில் குறிப்பு. இதுவே நிச்சயமில்லை என்றால் மற்றதெல்லாம்? இரண்டு ஞாயிறு உன்னோடு கோயிலுக்கு வரவில்லை. நீ ஏன் என்று கேட்டபோது அந்தக் குறிப்பைக் காட்டினேன்.

அந்த வாரம்தான் வகுப்பில் முழு நோட்ஸ் வைத்திருந்த ஒரே பெண்ணின் சரித்திர நோட்டு தி.நகர் பஸ்ஸில் தொலைந்தது. அதைப் பார்த்து எழுதிய ஆறு பிரதிகள் நம் மாடியில் இருந்தன. ஆறிலும் பிழை. ஒருத்தி ஒரு வரியைத் தாண்டியிருந்தாள். வருடத்தை மாற்றி எழுதியவள் நான். பரீட்சைக்கு ஐந்து நாள். நீ ஆறையும் கட்டிலில் பரப்பி, வரி வரியாக ஒப்பிட்டு, பச்சை மையில் புதிதாக ஒரு பிரதி எழுதினாய்.

"ஆறு பேரும் ஒரே எடத்துல தப்பு பண்ண மாட்டாளுங்கடி."

ஒரே ஒரு பெயரில் மட்டும் மூன்று பேர் ஒன்று, மூன்று பேர் வேறு.

"ஏதாவது ஒண்ணப் போடேன். பெரிய ஜட்ஜம்மா" என்றேன் நான்.

நீ இரண்டையும் எழுதிப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டாய். "தெரியாத எடத்துல தெரியாதுன்னு போட்டாதான் மத்தத நம்பிப் படிப்பீங்க."

பரீட்சை முடிந்த பிறகு பஸ் டிப்போவிலிருந்து அந்த நோட்டு வந்தது. நீ எழுதியது அத்தனையும் சரி. கேள்விக்குறி போட்ட இடத்தில் அசலிலேயே மை கொட்டியிருந்தது. மெஸ்ஸில் எல்லோரிடமும் "இவ என் ரூம்மேட்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அன்று சாயங்காலம் என் பைபிளை அந்தப் பக்கத்தில் திறந்து என் மடியில் வைத்தாய்.

"இதுக்கா பயந்த? எனக்கு இதப் பாத்துதான்டி தைரியமே வந்துச்சு. மறைக்கிறவங்க இத அச்சடிப்பாங்களா?"

"அப்ப எல்லாம் உண்மைன்னு நிரூபிச்சிட்டியா?"

"நம்ம நோட்ஸ் மாதிரியே, அன்னிக்கு அவங்க எழுதினது நம்ம கைக்கு வந்து சேந்திருக்கு, அவ்ளோதான் சொல்லுவேன். சிலுவையில செத்தவர் உயிரோட எழுந்தார்ங்கறத எந்த நோட்ட வச்சும் காட்ட முடியாது. அத நம்பறேன். ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காத."

அதன்பின் எத்தனையோ பிரசங்கம் கேட்டுவிட்டேன். இருபது வயதில் நீ இரண்டுக்கும் நடுவில் போட்ட அந்தக் கோடு போல ஒன்றை இன்னும் யாரும் போடவில்லை.

மஞ்சள் காமாலை உன்னைக் கொண்டுபோய் இரண்டு வருடம். என் பிள்ளைக்கு ஞானத்தாய் நீதான் என்று பேசி வைத்திருந்தோம். குழந்தை தும்மினாலே டாக்டரிடம் ஓடுகிறவள் நான். நாளைக்கு இவள் இதெல்லாம் உண்மையா என்று கேட்டால் எதைக் காட்டுவேன் என்று இந்த மாதம் முழுக்கப் பயந்துகொண்டிருந்தேன். இப்போது இந்தத் தாள்களை அவள் உடுப்போடு சேர்த்து வைத்திருக்கிறேன். முதலில் உன் கேள்விக்குறியைத்தான் காட்டுவேன்.

ஞாயிற்றுக்கிழமை போதகர் என்னைப் பார்த்து, விசுவாசிக்கிறாயா என்று கேட்பார். குரல் நடுங்குமா, தெரியவில்லை. தெரியாததைத் தெரியாது என்றே எழுதுகிறேன். ஆனால், விசுவாசிக்கிறேன் என்று சொல்வேன்.