கினிப்பன்றிக்குப் புல்

21.11.1998, சனி

மகள் ஆசைப்பட்டாளே என்று வாங்கிய கினிப்பன்றி, பிஸ்கட்டாகத் தின்று வயிறு உப்பிப் படுத்துவிட்டது. வாலில்லாத எலி; அதற்கு எங்கள் வீட்டில் ராஜமரியாதை. "புல்லு போடுங்கண்ணே, இல்லேன்னா பொழைக்காது" என்றார் மாட்டு டாக்டர். மகள் அழுதாள். சாயங்காலம் வண்டியூர் தெப்பக்குளத்துப் பக்கம் அரிவாளும் கையுமாகப் புல் அறுத்துக்கொண்டிருந்தேன். கூட வேலை பார்க்கும் முருகேசன் சைக்கிளை நிறுத்தினான்.

"என்ன மாப்ள, மாடு வாங்கிட்டியா?"

எலிக்கு என்று சொல்ல வாய் வரவில்லை. "ஆமா மாப்ள, நேத்துத்தான் கன்னு போட்டுச்சு" என்றேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அட, சொல்லவே இல்ல! காலைல தூக்குவாளியோட வாரேன், சீம்பால் குடு."

புல்லைத் தின்றுவிட்டு அந்தச் சனியன் தெம்பாகக் கீச்சிடுகிறது. மகள் சிரித்துக்கொண்டே தூங்கப் போனாள். முருகேசன் வாரேன் என்றால் வந்துவிடுவான். இந்த அற்பப் பிராணியிடம் நான் எதைக் கறந்து ஊற்றுவது?