பரிவட்டம் வேண்டாம் என்றேன்

வெள்ளையம்மாளுக்கு, இலங்கையில் லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து சோலைமுத்து எழுதுவது. நான் சுகம். நீயும் நம் மருமகளும் சுகமா? இதை உனக்கு வாசிப்பவர் ஒரு வரியும் விடாமல் வாசிக்கட்டும்.

கோயில் திருவிழாவில், எங்களை வேலை வாங்கும் கங்காணி எனக்குப் பரிவட்டம் கட்ட வந்தார். "பொறுமை, அடக்கம், விசுவாசம் எல்லாம் உள்ள மனுசன்" என்று எல்லோரும் கேட்கப் புகழ்ந்தார். இத்தனை வருடமும் 'ஏய் கெழவா' என்றவர். "இது எதுக்குங்க?" என்றேன். சிரித்தார்.

காரணம் எனக்குத் தெரியும். அவருடைய மாடு தேயிலை நாற்றுகளை மேய்ந்ததை, நாற்றுமேடைக் காவலில் இருந்த நான் பார்த்தேன். அவரோ கைம்பெண் மீனாயியின் மாடு மேய்ந்ததாகத் தோட்டத்துத் துரையிடம் சொல்லியிருந்தார். நானும் தலையாட்டினால் அவளை லயத்து வீட்டைவிட்டு விரட்டிவிடுவார்கள். அடக்கம் என்று அவர் சொன்னது அந்தத் தலையாட்டலைத்தான். துணியைத் தள்ளிவிட்டு, மறுநாள் துரையிடம் கண்டதைச் சொன்னேன். மனிதனுக்கு உண்மை சொல்லும் அந்த ஒரு குணம் போதும். மீனாயி தப்பினாள். என்னை மலை உச்சிக் காவலுக்கு மாற்றிவிட்டார்கள். காற்று நல்ல காற்றுதான்.

ஒரு கம்பளியும் கொஞ்சம் சுக்கும் யாரிடமாவது கொடுத்தனுப்பு. முடிச்சை நீயே இறுக்கிப் போடு. கொண்டுவருகிறவர்கள் பிரித்துப் பார்ப்பார்கள்.

நேற்று மீனாயி பால் கொண்டுவந்தாள். "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேணாம் மாமா. இருமிக்கிட்டே மலை ஏறுறீங்களே, குடிங்க" என்றாள்.

வாங்கிக் குடித்தேன். தபால் கிளம்புகிறது.

சோலைமுத்து