பழி தேடினா வழி கிடைக்காது

திருவதிகை,
11.8.2024

அடியே கேப்டன் காயத்ரிக்கு,

நலமா என்று கேட்கமாட்டேன். டவுன்ஷிப் குவார்ட்டர்ஸில் மரமும் நிழலும் இருக்கும்போது உன் நலத்துக்கு என்ன குறைச்சல்? என் போனை அப்பா பீரோவில் பூட்டிவிட்டு, என்னை அத்தை வீட்டில் பூட்டாமல் விட்டிருக்கிறார். அதனால்தான் தபால். நேற்று கவர் வாங்கும்போது போஸ்ட் ஆபீஸ் அக்கா, "காதல் கடிதமா?" என்று கேட்டார். "இல்லக்கா, மோதல் கடிதம்" என்றேன்.

பள்ளிக் கண்காட்சியில் நம் குட்டிச் சுரங்க மெஷின் பெல்ட் கழன்று, சிறப்பு விருந்தினராக வந்த மைன்ஸ் ஆபீசரின் வெள்ளைச் சட்டையைக் கரிச் சட்டை ஆக்கியதே, அதை நினைத்தால் இப்போதும் சிரிப்புதான். ஆனால் நான் வேண்டுமென்றே செய்தேன் என்று யாரோ நம் சயின்ஸ் வைத்திலிங்கம் சாரிடம் சொல்லியிருக்கிறார்கள். போன வருஷம் மின்விசிறி மேல் சாக்பீஸ் தூள் வைத்தவள் ஆயிற்றே, எல்லாரும் நம்பிவிட்டார்கள். அப்பா மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். ஆபீசர் சட்டை என்றதுமே நடுங்கிவிட்டார். டி.சி. வாங்கி என்னை இங்கேயே சேர்க்கப் போகிறாராம். எனக்கு நம் பள்ளிதான் வேண்டும், காயு.

சுரங்கத்தில் உன் அப்பா ஷிப்டில் பெல்ட் நின்றால் 'யார்' என்று கேட்கமாட்டார்கள், 'என்ன நடந்தது' என்றுதான் கேட்பார்கள் என்று சொல்லி, நீதானே மெஷின் மக்கர் செய்தபோதெல்லாம் நம் நாலு பேரையும் லேப் தரையில் வட்டமாக உட்காரவைத்தாய்? 'பழி தேடினா வழி கிடைக்காது' என்று நான் கோஷம்கூடக் கட்டினேன். அந்த வட்டத்தில்தான் பயமில்லாமல் என் தப்பையெல்லாம் சொன்னேன். வீட்டில்கூட அப்படிச் சொன்னதில்லை.

சார் நீ சொன்னால் நம்புவார். நடந்ததை முழுசாகச் சொல்லிவிடு. நம் நாலு பேரில் போட்டுக்கொடுத்தது பிரியாவாக இருக்குமோ?

உன் அருமை ஆபத்து,
மலரு


நெய்வேலி,
14.8.2024

அன்புள்ள மலருக்கு,

உன் கடிதத்தைப் படித்து அம்மாவும் சிரித்தார்கள். லேப் உன் சத்தம் இல்லாமல் கோயில் மாதிரி இருக்கிறது. உடம்பைப் பார்த்துக்கொள்.

நம் விதியை நீயே மறந்துவிட்டாயே! யார் என்று கேட்கக் கூடாது. பிரியா மேல் எனக்கும் சந்தேகம் உண்டு, ஆனால் நாம் எதையும் கிளற வேண்டாம். சாரிடம் நேரம் பார்த்துப் பேசுகிறேன். பாவம், அவருக்கு இப்போது ஓயாத வேலை. நம் மெஷினை மாவட்டக் கண்காட்சிக்கு அனுப்பப் போகிறார்கள். பெயர்ப் பலகையில் மூன்று பேருக்குத்தான் இடமாம். மனதில் வைத்துக்கொள்ளாதே.

என்றும் உன்,
காயத்ரி


திருவதிகை,
18.8.2024

காயத்ரிக்கு,

இன்று அப்பா வந்தார். சார் என்னதான் சொன்னார் என்று கேட்டேன். பெல்ட் வழுக்கியதால் உருளையில் பழைய சைக்கிள் டியூபைச் சுற்றினேன், அது பிய்யலாம் என்று நானே சொன்னேனாம். தெரிந்தே செய்தேன் என்பதற்கு அதுதான் சாட்சியாம். "உன் வாயால நீயே சொல்லிக்கினு வந்துட்ட. அப்புறம் நான் இன்னா பேசிகினு நிக்கறது?" என்றார் அப்பா. திட்டக்கூட இல்லை.

கண்காட்சி அன்று காலை வட்டத்தில் நாம் இரண்டு பேர்தான் இருந்தோம். பிரியாவும் கருணாகரனும் சார்ட் ஒட்டப் போயிருந்தார்கள். டியூப் இறுகவில்லை, பிய்யலாம் என்று சொன்னேன். சொன்னது சரிதான். "இருக்கட்டும், தாங்கும்டி" என்று சுவிட்சைப் போட்டது நீ. என் பாதி சாரிடம் போயிருக்கிறது. உன் பாதி போகவில்லை.

நீ பயந்திருப்பாய். அந்தக் கரிச் சட்டை ஆபீசர் உன் அப்பாவுக்கும் மேலதிகாரி. அது எனக்குப் புரிகிறது. ஆனால் நான் கேட்டபோது பிரியாவைக் கைகாட்டினாயே, அதுதான் புரியவில்லை. அவள் என்ன செய்தாள்?

வெள்ளிக்கிழமை அப்பா டி.சி. வாங்க வருகிறார். அதற்குள் அந்த மீதிப் பாதியைச் சாரிடம் சொல்லிவிடு. உன்னைத் திட்டினால் நான் வந்து பக்கத்தில் நிற்கிறேன். திட்டு வாங்குவதில் எனக்கு அனுபவம் உண்டு.

மலர்


திருவதிகை,
22.9.2024

காயத்ரிக்கு,

உன் பதில் வரவில்லை. டி.சி. வந்துவிட்டது. மாவட்டத்தில் நம் மெஷினுக்கு இரண்டாம் பரிசு என்று பிரியா, என் அத்தையின் போனுக்குக் கூப்பிட்டுச் சொன்னாள். பெல்ட் கழலவே இல்லையாம். உருளையில் டியூபைப் பசை போட்டு ஒட்டினீர்களாமே. நல்ல யோசனை. அவளை நானும் சந்தேகப்பட்டேன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். நீ என்ன எழுதினாய் என்பதைச் சொல்லவில்லை.

இங்கே என்னைக் கோ-கோ டீமில் சேர்த்திருக்கிறார்கள். நேற்று பண்ருட்டியில் தோற்றோம். கேப்டன் சண்முகப்ரியா என்ற பெண், பெயரைப் பார். நம் பிரியா இல்லை, வேறு பிரியா. தங்கமான பெண். எல்லாரையும் மைதானத்தில் வட்டமாக உட்காரவைத்தாள். "யாரையும் குத்தம் சொல்லப் போறதில்லங்கடி. இன்னா நடந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க" என்றாள்.

பின்னால் வந்தவள் 'கோ' சொல்வதற்கு முன்னாலேயே நான் எழுந்துவிட்டேன். அதில்தான் ஆட்டம் போனது. ஒவ்வொருத்தியாகச் சொல்லிக்கொண்டே வந்து என் முறை வந்தது. எல்லா முகங்களையும் பார்த்தேன். நல்ல முகங்கள்.

"எனக்கு ஒண்ணும் தெரியாது" என்றேன்.

இப்படிக்கு,
சி. மலர்விழி